கடலைப் பார்த்து நின்ற வண்டி

2024 மே 28, செவ்வாய்க்கிழமையோடு கத்திரி முடிந்தது என்று காலண்டரில் போட்டிருந்தது. மறுநாள் பிற்பகல் இரண்டு பத்துக்குத் தியாகராய நகர் பனகல் பூங்கா சிக்னலில் நின்றிருந்த எவரும் அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். தார் இளகி டயரில் ஒட்டியது. போக்குவரத்துக் காவலர் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஈரக் கைக்குட்டையை மடித்து வைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்த வரிசையில் ஒன்பதாவதாக நின்ற வெள்ளை டாக்சியை ஓட்டிக்கொண்டிருந்தவள் தேசம்மா. பின் இருக்கையில் மயிலாப்பூர் போகிற ஓர் அம்மாள். மடியில் இரண்டும் காலடியில் மூன்றுமாக ஐந்து ஜவுளிப் பைகள்.

"ஏசியைப் போடுங்கோளேன். எத்தனை தடவை சொல்றது?"

"போட்டுதாம்மா கீது."

"போட்டிருந்தா இப்படியா வரும்? எங்காத்து மொட்டை மாடில இதைவிட ஜில்லுன்னு காத்து வரும்."

"வண்டி நகர்ந்தா ஜில்லுனு வரும்மா. நின்னா வர மாட்டேங்குது. மெக்கானிக் ரெண்டு பேரு பாத்தாங்க, கேஸ் அடிச்சாங்க, அப்பவும் அப்டியேதான் கீது."

"டீசலை மிச்சம் பிடிக்கறேள். எனக்குத் தெரியாதா?"

தேசம்மா திரும்பினாள். காற்றுவிசை நாலில் இருந்தது. ஏசி பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டையும் விரலால் காட்டினாள்.

"இத பாரும்மா. பச்ச லைட்டு எரியுது. இதுக்கு மேல நான் வாயாலதான் ஊதணும்."

அந்த அம்மாள் கைப்பேசியை எடுத்து எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கிழக்கு மாட வீதியில் இறங்கினாள். மூன்று ஆறுக்குத் தேசம்மாவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: 'மூன்றாவது புகார். டிரைவர் ஏசி போடவில்லை; கேட்டதற்கு எதிர்த்துப் பேசினார். உங்கள் ஐடி நிறுத்தப்பட்டுள்ளது. அடையாறு அலுவலகத்துக்கு வரவும்.'

அந்த டாக்சி நிறுவனத்தில் ஏசி பற்றிய புகார்களை இரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஏசி பழுது என்றால் அது வண்டியின் குறை. சரிசெய்து காட்டிவிட்டு மறுபடி ஓட்டலாம். வேண்டுமென்றே ஏசி போடவில்லை என்றால் அது டிரைவரின் குற்றம். அப்படி மூன்று சேர்ந்தால் ஐடி போய்விடும். அந்த எண் இல்லாமல் ஒரு சவாரியும் வராது. தேசம்மாவின் மேல் ஏறியிருந்த மூன்றும் இரண்டாவது வகை.

தேசம்மா பிறந்தது 1981 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. மாதா விண்ணேற்புத் திருநாள். சாந்தோமுக்குப் பின்னால் கடலை ஒட்டிய குப்பத்தில், அலை கேட்கிற தூரத்தில் வீடு. அப்பாவுக்குக் கட்டுமரம், அம்மாவுக்கு மீன் கூடை. பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு முந்நூற்று அறுபத்தொன்று எடுத்தாள். பதினெட்டு வயதில் கூடையைத் தலையில் எடுத்தாள். பதினொரு ஆண்டுகள் மந்தைவெளியில் மீன் விற்றாள். 2011இல் ஆட்டோ கற்றுக்கொண்டாள். 2019 ஜூன் 10ஆம் தேதி இந்த வெள்ளை வண்டியை, பழையதாக, தன் பெயரிலேயே வாங்கினாள். அந்தக் குப்பத்தில் கார் ஓட்டிப் பிழைக்கிற முதல் பெண் அவள்தான். இரண்டாவதாக இன்னும் ஒருத்தியும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அடையாறு அலுவலகத்தின் மாடிப்படி ஏறினாள். மேற்பார்வையாளர் நெடுஞ்செழியனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். இனிமையாகப் பேசுகிறவர். அவர் அறையில் ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது; முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டுவரை போட்டிருந்தார்.

"உக்காருங்கக்கா. பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா சனிக்கிழமை காலைல ஐடி ஓப்பன் ஆயிடும்."

அச்சடித்த தாள். தேசம்மா இரண்டு முறை படித்தாள். 'எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் நான் ஏசியை இயக்கவில்லை. இதற்காக வருந்துகிறேன்.'

"இத நான் சொல்லவே இல்லியே சார்."

"எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்தான்க்கா."

"எல்லாருமா ஏசி போடாம ஓட்னானுங்க?"

"அது எனக்குத் தெரியாது. எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. இந்த வருஷம் நீங்க நாப்பத்தி மூணாவது ஆளு."

"நாப்பத்தி ரெண்டோட நிறுத்திக்க. நான் ஏசி ஓடவிட்டுதான் ஓட்னேன். செய்யாததுக்கு எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

நெடுஞ்செழியன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் அவள் வண்டியின் கடைசி ஆய்வு இருந்தது. 2024 மார்ச் 14, காலை ஏழு நாற்பது. ஏசி காற்றின் வெப்பம் ஒன்பது டிகிரி.

"ஒன்பது! புது வண்டிலகூட இவ்ளோ வராது. ஏசி இவ்ளோ நல்லா இருக்கற வண்டியில கஸ்டமருக்குக் குளிரலன்னா என்ன அர்த்தம்? நீங்க போடலன்னுதானே?"

"காலைல ஏயே முக்காலுக்கு மரத்தடில நிக்கவெச்சா எங்கம்மா மீன்கூடகூட ஜில்லுனுதான் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு டி.நகர் சிக்னல்ல வந்து குந்திப் பாரு சார்."

"அந்த மாதிரி டெஸ்ட் பண்ற வழக்கம் இல்லக்கா."

"மறுபடி ஆய்வு கேக்கலாம்னு உங்க ரூல்ல கீது. எத்தினி மணிக்கு, எந்த எடத்துலன்னு கீதா? பாத்துச் சொல்லு."

அவர் தேடினார். ஆறு நிமிடம் தேடினார். நேரமும் இடமும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கொஞ்சம் கரிசனமாகவே சொன்னார்: "நல்லா யோசிச்சுக்கங்கக்கா. ஆய்வுல ஏசி நல்லா வேலை செஞ்சிடுச்சுன்னா நீங்க போடாம ஓட்டினது நிஜம்னு ஆயிடும். அப்புறம் இந்த ஃபார்மும் கிடையாது. ஐடி மொத்தமா குளோஸ்."

"நாளிக்கு ரெண்டு மணி. நீயே வரணும். வேற ஆள அனுப்பாத."

அலுவலகத்திலிருந்து நேராக மீர்சாகிப்பேட்டைக்கு விட்டாள். அங்கே உமர் ஃபாரூக் இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் ஏசி மட்டும் பார்க்கிறவர். அவர் மனைவி ஹாஜிரா பீ ஒரு காலத்தில் தேசம்மாவிடம் மீன் வாங்கியவள். இதற்கு முன் பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் வண்டியைக் காலையில் வாங்கி, கொட்டகை நிழலில் நிறுத்தி, கேஸ் அடித்து, கையை நீட்டிப் பார்த்து, "ஐஸ் மாதிரி கீது" என்று அனுப்பியவர்கள். ஃபாரூக் வண்டியை வெயிலிலேயே நிறுத்தச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் பீடி பிடித்தார். பிறகு அளந்தார். ஏசி துவாரத்தில் இருபத்தேழு டிகிரி. கேஸ் அழுத்தம் பார்த்தார்.

"கேஸு கம்மி இல்லம்மா, ஜாஸ்தி. ரெண்டு மகானுபாவனும் மேல மேல அடிச்சி வெச்சிக்கீறான்."

ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து வண்டியின் மூக்கில், கம்பித் தட்டிக்குப் பின்னால் இருந்த கண்டென்சரின் மேல் ஊற்றினார். உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் வெளியே தள்ளுகிற பாகம் அது. இரண்டே நிமிடத்தில் இருபத்தேழு பதின்மூன்றுக்கு இறங்கியது. தண்ணீர் காய்ந்ததும் மறுபடி ஏறத் தொடங்கியது.

"ஆச்சி, புடிச்சாச்சி," என்றார் ஃபாரூக். குனிந்து, விரல் நகத்தால் கண்டென்சரின் மெல்லிய தகடுகளைச் சுரண்டினார். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி உதிர்ந்தது. "கருவாட்டுச் செதிளாட்டம் கொட்டுது பாரு. வண்டி ஓடறப்போ எதிர்க்காத்துல எப்டியோ சமாளிக்குது. நின்னா செத்துடுது. ஆமா, ராத்திரில இத எங்க நிறுத்துற?"

"ஊட்டாண்டதான் பாய்."

"எப்டி நிறுத்துற?"

"எப்டின்னா? கடலப் பாத்துதான்."

ஃபாரூக் நிமிர்ந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஏம்மா, இது இன்னா படகா?"

தேசம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. அவர்கள் குப்பத்தில் கரையேறிய படகு ஒவ்வொன்றும் மூக்கைக் கடலுக்குக் காட்டித்தான் நிற்கும். மறுநாள் தள்ள வசதி என்பது ஒரு காரணம். இன்னொன்று, முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கிற படகு விலைக்கு வந்த படகு. யாரும் கூப்பிடாமலே ஆட்கள் விலை பேச வந்துவிடுவார்கள். வண்டி வந்த அன்றைக்கு லாசர், அவள் கணவன், "திருப்பி நிறுத்து, திருப்பி நிறுத்து" என்று மணலில் நின்று கைகாட்டி, மூக்கைக் கடலுக்கு நேராக வைத்த பிறகுதான் எலுமிச்சம்பழத்தையே எடுத்தான். அன்றிலிருந்து அந்த மே 30 வரை ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு இரவுகள். வேளாங்கண்ணி போய்த் தங்கிய ஒன்பதைக் கழித்தால் ஆயிரத்து எண்ணூற்று ஏழு. அத்தனை இரவும் உப்புக்காற்று அந்த மூக்கு வழியாகவே நுழைந்திருக்கிறது.

"பரவால்ல வுடு," என்றார் ஃபாரூக். "கண்டென்சர் ஒண்ணு கைவசம் கீது. நாளிக்குக் காலைல மாட்டிடலாம். மத்தியானம் டெஸ்டுக்கு ஐஸ் பொட்டி கணக்கா போ."

"ஐயோ பாய், மாட்டுனா நான் செத்தேன்!"

"இன்னாது?"

"நல்லா குளுந்துச்சின்னா, ஏசிய நான்தான் போடலன்னு ஆயிடும். குளுராம இருந்தாதான் நான் சொன்னது நெஜம். நாளிக்கு ரெண்டு மணி வரிக்கும் இதத் தொடாத. தண்ணிகூட ஊத்தாத."

ஃபாரூக் வாளியைக் கீழே வைத்தார். "யா அல்லா. ஏசி வேல செய்யக்கூடாதுன்னு வேண்டிக்கிற மொத கஸ்டமர நான் இப்பதான் பாக்கறேன்."

அன்று சாயங்காலம் லாசர் காசிமேட்டிலிருந்து வந்தான். அங்கே மீன் பெட்டிகளில் ஐஸ் நிரப்புகிற கொட்டகையில் வேலை அவனுக்கு. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஒரு கையெழுத்துதானே தேசம்மா. கிறுக்கிட்டு வந்துனே இரு. அவனுக்கு இன்னா, நமக்கு இன்னா?"

"மாங்கொல்லத் தெரு மறந்துட்டியா?"

லாசர் மறக்கவில்லை. 2003 நவம்பரில் மந்தைவெளியில் அந்தத் தெருவில், இருபத்து நான்கு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் ஓர் அம்மாள் தேசம்மாவின் வஞ்சிரத்தைப் பார்த்து, "நேத்து மீனு" என்று சொல்லிவிட்டாள். விடியற்காலையில் கரையேறிய மீன் அது. செவுளைத் திருப்பிக் காட்டினால் இரத்தம் சொல்லியிருக்கும். ஆனால் தேசம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, வாடிக்கை போய்விடுமோ என்ற பயம். "மன்னிச்சிக்கம்மா, நாளிக்கு நல்ல மீனா எடுத்தாறேன்" என்று சொல்லி வைத்தாள். அவ்வளவுதான். அவளே ஒப்புக்கொண்டாளாம் என்று பேச்சு மாடி ஏறியது. அடுத்த வாரத்துக்குள் இருபத்து நான்கு கதவும் சாத்திக்கொண்டன. 'நேத்து மீன்காரி' என்ற பெயர், அவள் மீன் விற்பதையே நிறுத்துகிற வரைக்கும் அந்தத் தெருவில் நின்றது.

"அன்னிக்கு மன்னிச்சிக்கன்னு சொன்னதுக்கே அப்டி. இப்ப எயுதிக் குடுத்தா? நாளிக்கு இன்னொரு கஸ்டமர் இன்னா சொன்னாலும், ஏற்கெனவே ஒத்துக்கினவதானேம்பான்."

லாசர் எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். கூரான எஃகு ஊசியும் சின்னத் திரையும் கொண்ட வெப்பமானி. பெட்டிக்குள் ஐஸுக்கு நடுவே செருகி மீனின் குளிர்ச்சி பார்க்கிற கருவி.

"கால் டிகிரிகூட தப்பாது. அவன் மிஷின் பொய் சொன்னா இது சொல்லும். எல்லாம் முடிஞ்சதும் எனுக்குத் திரும்பி வேணும்."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வானத்தில் மேகம். கடலுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டு ஏறிக்கொண்டிருந்தது. குப்பத்துப் பெண்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இருபது நாளாக ஒரு சொட்டு இல்லை. தேசம்மா மட்டும் இடுப்பில் கைவைத்து மேகத்தை முறைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு ஃபைபர் படகுக்காரன் அஜித்குமார் வலையை உதறிக்கொண்டே கேட்டான்.

"இன்னாக்கா, மேகத்தோட சண்டையா?"

"இன்னிக்கு ஒரு நாளு வராதேன்னு சொல்லிக்கினு கீறேன். நாளிக்கு வரட்டும், ஊரே மெதக்கட்டும்."

"ஊரே மழைக்கு அயுவுது, நீ வெயிலுக்கு அயுவுற. உனுக்கு வேப்பில அடிக்கணும்."

"அடி. ரெண்டு மணிக்கு மேல அடி."

பதினோரு மணிக்கு மேகம் கலைந்தது. அதற்குமேல் அவளுக்கு ஒரே ஒரு பயம்தான்: கடற்காற்று. சில நாள் பன்னிரண்டு மணிக்கே வந்துவிடும். வந்தால் ஊர் ஐந்து டிகிரி இறங்கிவிடும். அன்று பன்னிரண்டுக்கு வரவில்லை. ஒன்றுக்கும் வரவில்லை. ஒன்று நாற்பதுக்கு அடையாறு அலுவலக வாசலில் அவள் வண்டியை நிறுத்தியபோது லாசரின் ஊசி வெளியே நாற்பத்தொன்று புள்ளி இரண்டு காட்டியது.

நெடுஞ்செழியன் கையில் ஒரு கறுப்புக் கருவியோடு இறங்கி வந்து பின் இருக்கையில் அமர்ந்தார்.

"முன்னாடி எட்டி நீயே ஏசியப் போடு சார்," என்றாள் தேசம்மா. "காத்த நாலுல வெய். நான் கை வெக்கல, பாத்துக்க."

அவர் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. அவருடைய கருவியின் கம்பியைத் துவாரத்தில் மாட்டினார். அவள் மீன் ஊசியைப் பக்கத்திலேயே செருகினாள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் புள்ளி மூன்று.

கோட்டூர்புரம் பாலத்தில் வண்டி வேகமெடுத்தது. துவாரத்தில் பதினான்கு.

"சூப்பரா இருக்கேக்கா!" என்றார் நெடுஞ்செழியன். அவர் குரலில் ஏளனம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பாலத்தில் சாலை காலி. இப்படியே தியாகராய நகர் வரை காலியாகக் கிடந்தால் என்ன செய்வது? ஐந்தாண்டுகளில் ஒரு நாள்கூட அவள் நெரிசலை வேண்டிக்கொண்டதில்லை. அன்று வேண்டிக்கொண்டாள்.

நந்தனத்தில் பதினாறு. வெங்கட்நாராயணா சாலையில் பாதி தூரம் போனதும் முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, அதற்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி. இருபது. ஊர்ந்து ஊர்ந்து பனகல் பூங்காவை அடைந்தபோது மணி இரண்டு பதினொன்று. சிக்னல் விழுந்தது, எழுந்தது, வண்டிகள் அசையவில்லை. மெட்ரோ வேலைக்குத் தடுப்பு போட்டு, இருந்த வழியையும் பாதியாக்கியிருந்தார்கள்.

இரண்டு பதினான்குக்கு இருபத்து நான்கு. பதினேழுக்கு இருபத்தேழு. நெடுஞ்செழியன் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். இரண்டு பத்தொன்பதுக்குக் கழுத்துப் பொத்தானையும் கழற்றினார். வெயில் பின் கண்ணாடி வழியாக நேராக அவர் பிடரியில் இறங்கியது. கண்ணாடியை இறக்கப் போனார்.

"எறக்காத சார். ஏசி ஓடிக்கினு கீது இல்ல?"

"இல்லக்கா, கொஞ்சம் காத்து..."

"வெளிய நாப்பத்தி ரெண்டு. காத்தா வரும், அடுப்பு வரும்."

இருபத்தொன்பது. அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். இன்னும் ஒரு சிக்னல் விழுந்து எழுந்தது. இரண்டு இருபத்து நான்குக்குத் துவாரத்தில் முப்பது புள்ளி நான்கு. நெடுஞ்செழியன் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தலை கவிழ்ந்தபடி, தன்னையறியாமல் சொன்னார்:

"அக்கா, கொஞ்சம் ஏசி போடுங்களேன்."

தேசம்மா திரும்பவில்லை. உள்கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். விளக்கைப் பார்த்தார். தான் அழுத்திய பொத்தானைப் பார்த்தார்.

"சாரிக்கா," என்றார்.

"இதான் சார் அவங்களும் சொன்னாங்க. நீ போட்ட ஏசிலயே நீ இத சொல்ற. நான் போட்டா அவங்க சொல்ல மாட்டாங்களா?"

அலுவலகத்துக்குத் திரும்பி மேலே போனதும் நெடுஞ்செழியன் இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தார். விசைப்பலகையை இழுத்துக்கொண்டு தட்டினார்: 'ஆய்வில் குளிர்ச்சி போதவில்லை.'

"ரிப்பேர் பண்ணிட்டு வந்து காட்டுங்கக்கா. ஐடியத் தொறந்துடறேன்."

"அது பத்தாது."

"ஐடி வந்துடுதேக்கா, வேற என்ன வேணும்?"

"ஏசி ஓடிக்கினு இருந்துச்சின்னு எயுது. டிரைவர் மேல தப்பு இல்லன்னு எயுது. அந்த மூணையும் எடு."

"மூணா? நேத்திக்கு முந்தினது சரி. மத்த ரெண்டும் வேற நாளு. அன்னைக்கு நீங்க போட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது எந்நேரத்துல வந்துச்சின்னு பாரு."

பார்த்தார். ஏப்ரல் 11, பகல் ஒன்று இருபத்தைந்து. மே 7, இரண்டு நாற்பது. மே 29, இரண்டு பத்து. மூன்றும் தியாகராய நகர். பிறகு, அவள் கேட்காமலேயே, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவளுடைய சவாரிகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார். நானூற்று முப்பத்தெட்டு சவாரிகள். காலை பதினொன்றுக்கு முன்னாலும் மாலை ஐந்துக்குப் பின்னாலும் முந்நூற்று நாற்பத்தாறு. அவற்றில் ஏசி பற்றி ஒரு புகார்கூட இல்லை. டீசலை மிச்சம் பிடிக்கிறவள் மதியத்தில் மட்டுமா பிடிப்பாள்?

நெடுஞ்செழியன் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அவள் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில், "'ஓடியதாகக் கூறினார்'னு எதுக்கு? 'ஓடியது'ன்னு எயுது. நீயும்தானே பாத்த?" என்றாள். அவர் மாற்றினார். மூன்று புகார்களும் வண்டியின் குறை என்ற கணக்குக்கு மாறின. அச்செடுத்த தாளில் அவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். கையெழுத்துப் போடாத அந்தப் பழைய ஃபார்ம் மேசையிலேயே கிடந்தது. தேசம்மா அதை எடுத்து நான்காக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"நாப்பத்தி ரெண்டு பேரு போட்டானுங்கன்னியே, அவனுங்க வண்டிங்களையும் ரெண்டு மணிக்கு இட்டுனு போய்ப் பாரு சார்."

கண்டென்சரையும் அதன் விசிறியையும் ஃபாரூக் ஜூன் 4, செவ்வாய்க்கிழமை மாட்டினார். அதிகமாக ஏறியிருந்த கேஸை இறக்கி, அளந்து போட்டார். முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே கடலாண்ட நிறுத்தாத. மயிலாப்பூர் உள்ள ஏதாச்சும் தெருவுல வுட்டுட்டு நடந்து போ."

"என் ஊட்டு வாசல்ல நிறுத்தாம எவன் ஊட்டு வாசல்லயோ போய் நிறுத்தச் சொல்றியா பாய்? அது நடக்காது."

"அப்ப அஞ்சு வருசத்துல மறுபடி வருவ."

"வந்தா வரேன்."

புதன்கிழமை இரண்டு மணிக்கு நெடுஞ்செழியனே மறுபடி வந்தார். இந்த முறையும் பனகல் பூங்காதான்; அவரே அந்த இடத்தைச் சொன்னார். ஏழு நிமிடம் நின்ற பிறகும் துவாரத்தில் பதினைந்தைத் தாண்டவில்லை. நான்கு இருபதுக்கு ஐடி திறந்தது. நான்கு முப்பத்தொன்றுக்கு முதல் சவாரி: அடையாறிலிருந்து பெசன்ட் நகர், ஒரு கல்லூரிப் பெண். பாதி வழியில் அவள், "ஆன்ட்டி, ஏசி கொஞ்சம் கம்மி பண்றீங்களா?" என்று கேட்டாள். தேசம்மா உடனே குறைக்கவில்லை. பெசன்ட் அவென்யூ திரும்புகிற வரைக்கும் அப்படியே ஓடவிட்டு, பிறகுதான் ஒரு புள்ளி குறைத்தாள்.

சாயங்காலம் ஆறரைக்குக் குப்பத்துக்கு வந்தாள். வழக்கமாக வண்டியை நேரே மணல் ஓரம்வரை விட்டு, மூக்கைக் கடலுக்குக் காட்டி நிறுத்துவாள். அன்று சாலையிலேயே திருப்பினாள். கண்ணாடியைப் பார்த்துப் பின்னாலேயே ஏற்றினாள். பின்பக்கம் கடலைப் பார்க்க, முகப்பு ஊரைப் பார்க்க நின்றது வண்டி. இரண்டு பக்கமும் படகுகள் எல்லாம் அதற்கு நேர் எதிராக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

அஜித்குமார் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவன் பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

"அக்கா! இன்னாக்கா இது, வண்டிய விக்கப்போறியா? சொல்லவே இல்ல! மாமா, வண்டி இன்னா வெல?"

வாசலில் நின்றிருந்த லாசருக்கு முகம் சுருங்கியது. "தேசம்மா, நாலு பேரு பேசுவானுங்க. திருப்பி நிறுத்து."

"பேசட்டும்."

"படகுங்க எல்லாம் எப்டி நிக்குது பாரு."

"படகு கடலுக்குப் போவுது, அதனால கடலப் பாத்து நிக்குது. என் வண்டி டி.நகருக்குப் போவுது. எது எங்க போவுதோ அந்தப் பக்கம் அதுக்கு மூஞ்சி." கை பிரேக்கை இழுத்தாள். இன்ஜினை நிறுத்தினாள். லாசரின் ஊசியைத் துவாரத்திலிருந்து உருவி அவன் கையில் வைத்தாள். பிறகு அஜித்குமாரைப் பார்த்தாள்.

"வெல கேட்டியே நைனா? உன் படகக் குடு, மேல போட்டுக் கேளு. அப்பவும் தர மாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே வலைக்குத் திரும்பினான். வந்த மூன்று பேரில் ஒருவர் மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே விற்பனைக்கு இல்லையா என்று லாசரிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தேசம்மா கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.